மருந்துச் சீட்டில் உள்ள ‘காலை’ யாருடைய காலை?

அரும்புக்கோட்டை என்பதே மருவி அருப்புக்கோட்டை ஆயிற்று என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. பெயர்க்காரணம் எதுவாயினும், மல்லிகை அரும்பின் இயல்பை இப்பகுதி மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பறித்த அரும்பு சந்தைக்குப் போகிறது. பகல் முழுவதும் சாக்கிலும் கூடையிலும் அடைபட்டுக் கிடக்கிறது. மாலை மயங்கும் வேளையில் தானாக இதழ் விரிக்கிறது. செடியை விட்டுப் பிரிந்த பின்னும் அது பொழுதை மறக்கவில்லை.

நம் சாலையோரப் புளியமரங்களும் இருட்டியதும் சிற்றிலைகளைக் கூப்பிக்கொள்கின்றன. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் படையோடு வந்த ஆண்ட்ரோஸ்தனிஸ் என்ற கிரேக்கர், பாரசீக வளைகுடாத் தீவொன்றில் இக்காட்சியைக் கண்டு வியந்து குறித்து வைத்தார். ‘வெயில் போனால் இலை மூடுகிறது, இதிலென்ன வியப்பு?’ என்று கேட்கத் தோன்றும். 1729இல் தெ மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் அந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்த்தார். தொட்டாற்சுருங்கியைப் போன்ற ஒரு செடியை இருட்டறைக்குள் வைத்தார். சூரியனைக் காணாமலேயே அது பகலில் இலை விரித்து இரவில் மூடிற்று. பொழுது செடிக்கு வெளியில் மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கிறது என்பது அன்று தெரிந்தது.

மனிதருக்குள்ளும் அத்தகைய ஒரு கடிகாரம் உண்டு. அது எங்கே இருக்கிறது, எந்தெந்த வேதிப்பொருள்களைத் தூதாக அனுப்பி உடலை நடத்துகிறது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இரவில் வேலை பார்த்துப் பகலில் உறங்குவோரும் அவர்தம் வீட்டாரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கான காரணம் கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

மதுரைக் குகையில் கிடைத்த விடை

இத்துறையில் உலகம் மதிக்கும் ஆய்வுகள் சில நமக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலேயே நடந்தவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள மலைக்குகையில் வாழும் சிறு வௌவால்களை ஆராய்ந்தார்கள். குகையின் உட்பகுதியில் இரவும் இருள், பகலும் இருள். ஆயினும் மாலையானதும் வௌவால்கள் ஒழுங்காக வெளியே பறக்கின்றன.

அவ்வாய்வாளர்கள் ஒரு வௌவாலைத் தனிக் கூண்டில் அடைத்துக் குகைக்குள்ளேயே வைத்தார்கள். சுற்றிலும் அதன் இனத்தார் போய்வந்துகொண்டிருந்தவரை அதுவும் சரியான நேரத்துக்கு விழித்தது. வௌவால்களே இல்லாத வேறொரு குகையில் வைத்தபோது, அதன் விழிப்பு நேரம் நாளுக்கு நாள் சற்றே நகரத் தொடங்கியது. கடிகாரம் நின்றுவிடவில்லை, திருத்துவோர் இல்லாமையால் ஊர் நேரத்திலிருந்து விலகிற்று. 1981இல் வெளியான இந்த ஆய்வை உலகெங்கும் உள்ள உயிர்க்கால அறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் மனிதரையும் அவ்வாறு தனித்திருக்கச் செய்து பார்த்தார்கள். கதிரவனின் ஒளியோ கைக்கடிகாரமோ வானொலியோ இல்லாத அறையில், தாமாக முன்வந்தோர் பல நாள் வாழ்ந்தார்கள். அங்கே தங்கிய ஒரு பெண்ணின் உறக்க விழிப்புச் சுற்று இருபத்துநான்கு மணி நேரக் கட்டை விட்டு விலகியது. மாதவிலக்குச் சுற்றோ அதனோடு சேர்ந்து இழுபடாமல் தன் கணக்கில் வந்தது. இம்முடிவு 1991இல் வெளியாயிற்று. உடலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட காலக் கணக்குகள் ஓடுகின்றன என்பதற்கு இது நல்ல சான்று.

பிற்காலத்தில் பிற நாடுகளில் நுட்பமாக அளந்ததில், மனிதரின் உடற்கடிகாரம் ஒரு சுற்றை முடிக்கச் சராசரியாக 24 மணி நேரமும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களும் எடுத்துக்கொள்வதாகத் தெரிந்தது. தினமும் சிறிது பிந்தும் கடிகாரம் அது. தினமும் திருத்தப்பட வேண்டும். அதைத் திருத்துவது காலை வெளிச்சம்.

மார்பு வரை இறங்கி மீண்டும் மூளைக்கு ஏறும் செய்தி

இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடியில் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஹைப்போதாலமஸ் பகுதியில், ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஓர் இணைத் திரள் இருக்கிறது. அதற்கு ‘சுப்ராகயாஸ்மாட்டிக் உட்கரு’ என்று பெயர். நாம் தலைமைக் கடிகாரம் என்றே அழைப்போம். எலிகளில் இதை அழித்தால் உறக்கமும் விழிப்பும் வேளை தவறிப் போகின்றன என்று 1972இல் இரண்டு ஆய்வுக்கூடங்கள் தனித்தனியே கண்டறிந்தன.

ஒவ்வோர் அணுவுக்குள்ளும் ஒரு சிறு பொறி ஓடுகிறது. சில மரபணுக்கள் புரதம் செய்கின்றன. அப்புரதம் போதிய அளவு சேர்ந்ததும் தன்னைச் செய்த மரபணுவையே அடக்குகிறது. புரதம் சிதைந்து குறைந்ததும் மரபணு மீண்டும் எழுகிறது. இந்தச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. இதைக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இருபதாயிரம் அணுக்களும் ஆளுக்கொரு நேரம் காட்டாமல் இருக்க, அவை விஐபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சிறு புரதத்தையும் காபா என்ற வேதிப்பொருளையும் தமக்குள் பரிமாறிக்கொண்டு ஒன்றையொன்று சரிபார்க்கின்றன.

வெளிச்சம் இக்கடிகாரத்தை அடைவது எவ்வாறு? நம் விழித்திரையில் உருவம் பார்க்கும் அணுக்களைத் தவிர, மெலனோப்சின் என்ற நிறமியைக் கொண்ட சில சிறப்பு நரம்பணுக்கள் உள்ளன. இவை எழுத்தையோ முகத்தையோ பார்ப்பதற்கானவை அல்ல. ‘வெளியே எவ்வளவு வெளிச்சம்?’ என்று அளப்பதே இவற்றின் தலையாய பணி. நீல ஒளிக்கு இவை மிகுதியாகத் தூண்டப்படும். அளந்த செய்தியைக் குளுட்டமேட் முதலான வேதித்தூதுகள் தலைமைக் கடிகாரத்துக்குக் கொண்டு சேர்க்கின்றன. இதனால்தான் பார்வை இழந்தோருள் சிலருக்குக் கடிகாரம் சரியாகவே ஓடுகிறது. இந்த அணுக்களும் கெட்டுப்போனவர்களுக்கு உறக்கம் நாள்தோறும் தள்ளிக்கொண்டே போகிறது.

இனி, மருத்துவ மாணவனாக முதன்முதலில் படித்தபோது என்னை வியக்க வைத்த பகுதி. தலைமைக் கடிகாரத்துக்கும் பீனியல் சுரப்பிக்கும் இடையே சில சென்டிமீட்டர் இடைவெளிதான். ஆயினும் செய்தி நேர் வழியில் போவதில்லை. கடிகாரத்திலிருந்து ஹைப்போதாலமஸின் வேறொரு பகுதிக்குப் போய், அங்கிருந்து தண்டுவடத்தின் வழியே மார்புப் பகுதி வரை இறங்கி, வெளியேறி, கழுத்திலுள்ள நரம்பு முடிச்சுக்கு ஏறி, இரத்தக் குழாய்களை ஒட்டி மீண்டும் மண்டைக்குள் நுழைந்து பீனியலை அடைகிறது. மதுரையில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக அருப்புக்கோட்டை வந்து திரும்புவது போன்ற பயணம் அது. கழுத்துத் தண்டுவடம் முற்றிலும் அறுபட்டவர்களின் இரத்தத்தில் இரவு மெலட்டோனின் காணப்படாமைக்கு இதுவே காரணம்.

பகலில் தலைமைக் கடிகாரம் காபா என்ற அடக்கும் தூதை அனுப்பி இப்பாதையை மூடி வைக்கிறது. இருட்டியதும் பிடி தளர்கிறது. கழுத்து முடிச்சிலிருந்து வரும் நரம்பு முனைகள் பீனியல் சுரப்பியில் நார்அட்ரினலினைச் சொரிகின்றன. அதனால் தூண்டப்பட்ட சுரப்பி, செரட்டோனினை மெலட்டோனினாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. இப்பொருளை 1958இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் பிரித்தெடுத்தார்.

மெலட்டோனினைத் தூக்க மருந்து என்று பலர் நினைக்கிறார்கள். அது ‘இரவு வந்துவிட்டது’ என்று உடலெங்கும் பறையறையும் அறிவிப்பு. வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பே சுரக்கத் தொடங்கி, நள்ளிரவுக்குப் பின் உச்சம் தொட்டு, விடியலில் வடிகிறது. இரவில் வலுவான வெளிச்சம் கண்ணில் பட்டால் அறிவிப்பு நின்றுபோகும். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்குவோர் ஒன்றை அறிய வேண்டும்: எவ்வளவு என்பதைவிட எந்நேரம் என்பதே இம்மாத்திரையில் முதன்மையானது. தவறான நேரத்தில் போட்டால் கடிகாரம் தவறான பக்கம் திரும்பும்.

மெலட்டோனின் வடியும்போது கார்ட்டிசால் எழுகிறது. நள்ளிரவில் மிகக் குறைந்திருக்கும் அது, பின்னிரவில் ஏறத் தொடங்கி, காலை எட்டு மணி அளவில் உச்சம் அடைகிறது. உடல் வெப்பம் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு மிகத் தாழ்கிறது. ஆஸ்துமா உள்ளோர்க்கு மூச்சுத்திணறல் பெரும்பாலும் அந்த நேரத்தில் வருவதும், மாரடைப்பு காலை ஆறுக்கும் நண்பகலுக்கும் இடையே மிகுதியாக நேர்வதும் தற்செயல் அல்ல.

கல்லீரலுக்கும் கணையத்துக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. தலைமைக் கடிகாரத்தை வெளிச்சம் திருத்துகிறது. கல்லீரல் கடிகாரத்தையோ உணவு வேளை பெரிதும் திருத்துகிறது. இரண்டும் ஒரே நேரம் காட்டும்வரை தொல்லை இல்லை.

அரை நைட், முழு நைட்

கரிசல் காட்டில் மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் மிளகாயும் விதைத்து வாழ்ந்த குடும்பங்கள், மழை பொய்த்த ஆண்டுகளில் மில்லுக்குப் போனதும், விசைத்தறிக்குப் போனதும் நாம் அறிந்ததே. நூற்பாலை நிற்பதில்லை. பகல் ஷிப்ட், மாலையிலிருந்து நள்ளிரவு வரை அரை நைட், நள்ளிரவிலிருந்து காலை வரை முழு நைட் என மூன்று முறை. பல இடங்களில் வாரத்துக்கு ஒரு முறை மாறும். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் சீமைக் கருவேல விறகில் கரிமூட்டம் போடுவோரும் இரவில் உறங்க முடியாது. மூட்டத்தில் எங்காவது மண் விலகிக் காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும். பூப்பறிக்கப் போகும் பெண்கள் இரண்டு, மூன்று மணிக்கு எழுகிறார்கள். பல நாள்களுக்கு ஒருமுறை வரும் குடிநீர் நள்ளிரவில் வந்தால், பகலெல்லாம் உழைத்தவர்களே குடத்தோடு விழித்திருக்கிறார்கள். தூக்கம் கெடுகிறது என்று நாங்கள் சொல்லும்போது அவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதில் தவறில்லை.

வெளிச்சம் உரிய நேரத்தில் கிடைத்தாலும் உடற்கடிகாரம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும். எட்டு மணி நேரம் தள்ளி வைக்கப்பட்டால் அது ஊர் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். சேரும் தறுவாயில் ஷிப்ட் மாறிவிடுகிறது. போதாக்குறைக்கு, முழு நைட் முடித்து எட்டு மணி வெயிலில் வீடு திரும்புகிறவரின் கண்ணில் படும் ஒளி, ‘இப்போது பகல்தான்’ என்று கடிகாரத்தை மீண்டும் பழைய இடத்திலேயே ஆணியடித்துவிடுகிறது. ஆகவே அவர் உடலின் இரவில் வேலை பார்க்கிறார். உடலின் இரவில் சாப்பிடுகிறார். அந்நேரத்தில் கணையம் இன்சுலினைத் தாராளமாகத் தருவதில்லை. பகலில் உண்டால் அடங்கும் அதே நான்கு இட்லி, பின்னிரவு மூன்று மணிக்கு உண்டால் சர்க்கரையை மேலும் உயர்த்துகிறது.

இப்போது நீரிழிவு உள்ள ஒருவரை எண்ணிப் பாருங்கள். எங்கள் அவசரப் பிரிவுக்கு இத்தகையோர் ஆண்டுதோறும் வருகிறார்கள். முழு நைட் முடித்து வீடு வந்தார். சீட்டில் ‘காலை, உணவுக்கு முன்’ என்று இருக்கிறது. மணி எட்டரை, ஆகவே கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். களைப்பில் சாப்பிடாமலே படுத்துவிட்டார். நண்பகலில் மனைவி வந்து பார்த்தால் சட்டை வியர்வையில் ஊறியிருக்கிறது. “மாத்திரையப் போட்டுட்டுப் படுத்தவரு டாக்டர், எழுப்பி எழுப்பிப் பாத்தேன், எந்திரிக்கவே இல்ல” என்று சொல்லும் அந்த அம்மாவின் கை நடுங்குவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு மணி நேரம் யாரும் கவனியாதிருந்தால் மூளை தாங்காது.

அவர் மருந்தைத் தவறாக உண்டாரா? சீட்டில் உள்ளபடிதான் உண்டார். நாங்கள் 1–0–1 என்று எழுதுகிறோமே, அந்த முதல் ஒன்று, இரவெல்லாம் உறங்கி எழுந்து பலகாரம் உண்ணப்போகும் ஒருவரின் காலை. இவருக்கோ அது இரவு; உறங்கப் போகும் வேளை.

இத்தகைய தாழ் சர்க்கரையில், நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். நினைவு இல்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே கொண்டு வாருங்கள். தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வதும் ஆகாது. இவ்வகை மாத்திரையின் விளைவு பல மணி நேரம் நீடிப்பதால் சர்க்கரை மீண்டும் இறங்கும்.

எல்லா மருந்தும் மணி பார்ப்பதில்லை

‘மருந்தை இன்ன மணிக்குத்தான் உண்ண வேண்டும்’ என்று கைபேசியில் வரும் செய்திகள் பலவும் மிகைப்படுத்தப்பட்டவை. இரத்த அழுத்த மாத்திரையை இரவில் போட்டால் மாரடைப்பு பெரிதும் குறையும் என்று சில ஆண்டுகள் பேசப்பட்டது. பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022இல் வெளியாயிற்று. காலைக்கும் இரவுக்கும் வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. மறக்காமல் உண்ண எது எளிதோ அதுவே அம்மாத்திரைக்கு நல்ல நேரம். தைராய்டு மாத்திரைக்கு வெறும் வயிறுதான் முக்கியம், மணி அன்று. கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின் இரவுக்கு உரியது. அடோர்வாஸ்டாட்டினை எந்நேரமும் உண்ணலாம்.

பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகளை ஒரே வேளையாகக் காலையில் தருவது, உடலின் சொந்தக் கார்ட்டிசால் எழும் வேளையோடு ஒத்துப்போவதற்காக. அதை இரவில் உண்டால் உறக்கம் கெடும்; அட்ரீனல் சுரப்பியும் கூடுதலாக அடங்கிப்போகும். இரவுப் பணியாளர்கள் இதை எப்போது உண்பது என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அட்டினலால், மெட்டோபிரலால் வகை மாத்திரைகள் இதயத்தில் மட்டுமன்றிப் பீனியல் சுரப்பியிலும் நார்அட்ரினலினின் தூதைத் தடுப்பதால், சிலருக்கு இரவு மெலட்டோனின் குறைந்து தூக்கம் கெடலாம். அவ்வாறிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்; தாமாக நிறுத்திவிடாதீர்கள். இவற்றைத் திடீரென நிறுத்துவது இதயத்துக்குக் கேடு. வலிப்பு நோய் உள்ளோர் இரவுப் பணியைத் தவிர்ப்பதே நன்று. உறக்கமிழப்பு ஒன்றே வலிப்பைத் தூண்டப் போதும். அவர்களுக்குப் பகல் ஷிப்ட் கேட்டு மருத்துவச் சான்று தர நாங்கள் தயங்குவதில்லை.

முழு நைட் பார்ப்போர்க்குச் சில சொற்கள். பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகுமுன் முடித்துக்கொள்ளுங்கள். பின்னிரவில் பசித்தால் சிறிதளவு போதும். தேநீரை ஷிப்டின் முற்பாதியோடு நிறுத்துங்கள். களைப்பு ஏற ஏற மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளைத் தேநீரும் காபியும் மறைத்து வைக்கின்றன. அதில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் ஆகும். வீடு திரும்பும்போது, பேருந்திலோ பிறர் ஓட்டும் வண்டியிலோ வருவோர் கறுப்புக் கண்ணாடி அணியலாம். தாமே வண்டி ஓட்டுவோர் தூக்கக் கலக்கத்தில் கிளம்ப வேண்டாம்; கால் மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு வருவது மேல். படுக்கும் அறையின் சன்னலில் தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள். பகலில் உறங்குகிறவரைச் சோம்பேறி என்று வீட்டில் எவரும் சொல்லக் கூடாது. நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகே அதைக் கையில் எடுங்கள்; சாப்பிடாமல் படுப்பதாக இருந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எங்களிடம் கேட்டு வையுங்கள். அடுத்த முறை வரும்போது எந்த ஷிப்ட், எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது, எப்போது படுக்கிறீர்கள், எப்போது உண்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் நீட்டுங்கள். அதற்கேற்ப ‘காலை’ என்பதை அடித்துவிட்டு ‘எழுந்து உண்ணும்போது’ என்று எழுதித் தருவோம்.

வார்டில் தங்கியிருக்கும் முதியோரின் வீட்டாருக்கும் இது பொருந்தும். வயதாக ஆக விழிவில்லை மஞ்சளித்து நீல ஒளியைத் தடுக்கிறது. கடிகாரத்தை அடையும் வெளிச்சம் குறைகிறது. அதன்மேல் பகலெல்லாம் திரை மூடிய அறையும் இரவெல்லாம் எரியும் விளக்கும் சேர்ந்தால், பொழுது சாய்ந்ததும் பெரியவர் குழம்பிப் பிதற்றத் தொடங்கலாம். காற்று கருப்பு என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கிருமித்தொற்றோ உப்புச்சத்துக் குறைவோ காரணமாக இருக்கலாம் என்பதால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குத் திரையை விலக்கி, முடிந்தால் சன்னலோரம் உட்கார வையுங்கள். அறைக்குள் விளக்கொளி சில நூறு லக்ஸ். நம் ஊர் வெயிலோ ஒரு லட்சத்தைத் தொடும். மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் வீட்டிலிருந்து எடுத்து வந்து மாட்டிவிடுங்கள். இரவு பத்து மணிக்குத் தலைமாட்டு விளக்கை அணைத்துவிடலாம். ஊசி போட வரும் செவிலியர் தமக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தாமே போட்டுக்கொள்வார்.